ஒரு படித் தவிடு

பெற்ற பிள்ளையை ஒரு தடவைகூடத் திட்டாத தாய் ஒருத்தியை எனக்குத் தெரியும். கேட்கிறவர்கள் ‘எவ்வளவு நல்ல அம்மா’ என்பார்கள். நான் ஐந்து வருஷத்துக்கு மேல் பக்கத்து வீட்டிலிருந்து பார்த்தவள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

நான் அங்கன்வாடி டீச்சர். திட்டுவது எனக்குப் பாதி தொழில், பாதி சுபாவம். மூன்று பையன்களையும் இரண்டு மாடுகளையும் திட்டியே வளர்த்தேன். கேரள எல்லைக்குள், வேலந்தாவளத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரில் கடிகாரம் இல்லாதவர்கள்கூட என் குரலை வைத்து மணி சொல்லிவிடுவார்கள் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அப்படிப்பட்டவளுக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை வளர்ந்தும் சத்தமே இல்லாமல் இருந்தது முதலில் பொறாமையாகத்தான் இருந்தது.

அவள் பெயர் வேண்டாம். உயரமாக, ஒல்லியாக இருப்பாள். உள்ளங்கையை எப்போதும் சேலையில் துடைத்துக்கொண்டே இருப்பாள், ஈரமே இல்லாவிட்டாலும். இப்போது காந்தலூரில் பூண்டும் காரட்டும் போட்டுக்கொண்டு புருஷனோடு இருக்கிறாள். அந்தக் குழந்தைக்கு இன்று பன்னிரண்டு வயது.

எங்கள் பக்கத்தில் குழந்தைகளிடம் “வாங்க கண்ணு, சாப்புடுங்க சாமி” என்று மரியாதை கொடுத்துப் பேசுவது அதிசயமில்லை. கொஞ்சும்போது எல்லாரும் அப்படித்தான் பேசுவோம். ஐந்து நிமிஷம் கழித்து அதே வாயால் “எருமை, எங்க போற” என்று கத்துவோம். அவளிடம் அந்த ஐந்து நிமிஷம் முடியவே இல்லை. குழந்தையைக் குளிப்பாட்டும்போது “தண்ணி ஊத்தட்டுங்களா?” என்பாள். தான் குளிக்கப் போவதற்குக்கூடத் தொட்டிலைப் பார்த்து, “போய்ட்டு வந்தர்றனுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். வீட்டுக்கு வந்த ஒறம்பரைக்கு, அதாவது விருந்தாளிக்கு, செய்கிற உபசாரம் அது. விருந்தாளி கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடக்கூடாதே என்ற கவலை ஒவ்வொரு வார்த்தையிலும் இருந்தது.

குழந்தை அங்கன்வாடிக்கு வந்த புதிதில் ஒரு நாள் தன் தட்டு உப்புமாவைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் தலையில் கவிழ்த்துவிட்டது. மத்தியானம் கூட்டிப்போக வந்தவளிடம் சொன்னேன். அவள் குழந்தைக்கு எதிரே முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

“உப்புமா புடிக்கலீங்களா கண்ணு? நாளைக்கு வேற செய்யச் சொல்லிக் கேக்கலாமுங்க.”

பிறகு என் பக்கம் திரும்பினாள். “நீங்க ஒரு வார்த்தை கண்டிச்சு உடுங்க டீச்சரக்கா. உங்க பொண்ணுதானுங்க.”

மற்ற அம்மாக்கள் சிரித்தார்கள். ஊருக்கெல்லாம் தெரிந்த விளையாட்டு அது. நானும் சிரித்துவிட்டு, குழந்தையைப் பிடித்து நிறுத்தி நன்றாகத் திட்டினேன். திட்டு வாங்கிய குழந்தை அழவில்லை. என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடாமல் நின்றது.

அந்த விளையாட்டு எப்படி ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும்.

அவளுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் குழந்தை இல்லை. கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்தார்கள். வேலந்தாவளம் வழியாகப் போனால் வழியில் பார்க்கிறவர்களெல்லாம் சொந்தக்காரர்கள் என்பதால், புருஷனும் பெண்டாட்டியும் பழைய காரில் வாளையார் சுற்றிக்கொண்டு போவார்கள். சோதனைச்சாவடியில் லாரிகளுக்கு நடுவே புகையைக் குடித்துக்கொண்டு நிற்பார்கள். மாமியாரிடம் தைராய்டு என்று சொல்லியிருந்தார்கள். ஊசி மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும், அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜை மாமியார் நாளைக்குப் பத்துத் தடவை திறப்பார். அதனால் மருந்து என் வீட்டுத் தயிர்ச் சட்டிக்குப் பின்னால் இருந்தது. சாயங்காலம் பால் வாங்க வருகிறவள் மாதிரி தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு வருவாள். என் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து தானே வயிற்றில் குத்திக்கொள்வாள்.

குத்துவதற்கு முன் குனிந்து, “ஒரு நிமிசமுங்க, கொஞ்சம் வலிக்குமுங்க” என்று மெதுவாகச் சொல்வாள். யாரிடம் சொல்கிறாய் என்று ஒரு நாள் கேட்டேன். வயிற்றில் அப்போது ஒன்றும் இல்லை. கருமுட்டை வளர்வதற்கான ஊசி அது என்று அவளே சொல்லியிருந்தாள்.

“வரப்போறவங்ககிட்டத்தானுங்க. மரியாதை இல்லாத ஊட்டுக்கு யாருங்க வருவாங்க?”

பாவம், பதினோரு வருஷம் என்று நினைத்துக்கொண்டு பாலை ஊற்றிக் கொடுத்தேன்.

மூன்று தடவை கரு நிற்கவில்லை. நான்காவது தடவை நின்றது. அதை அவள் வாயால் யாரிடமும் சொல்லவில்லை, ஐந்தாம் மாதம் வயிறுதான் ஊருக்குச் சொன்னது. வளைகாப்பு வேண்டாம் என்று அடம்பிடித்தாள். பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் குழந்தையோடு அவளை நிறுத்திப் படம் எடுத்துச் சுவரில் மாட்டினார்களாம். சிரித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள், நின்றேன் என்றாள்.

கிடைக்காமல் கிடைத்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். அருமையான பிள்ளை என்று தெரிந்தால் எமன் கண்ணில் படும். எவளோ ஒருத்தி ஒரு படித் தவிட்டுக்கு வாங்கிய சல்லிசான பிள்ளை என்றால் அவன் திரும்பிப் பார்க்க மாட்டான். வாங்குகிறவள் பெற்ற பிள்ளைகளையெல்லாம் பிழைக்கவைத்தவளாக இருக்க வேண்டும். மூன்று தடியன்களும், மாட்டுக்கு வைத்திருந்த தவிட்டு மூட்டையும் என் வீட்டில் இருந்தன. என்னை விட்டால் வேறு ஆள் ஏது?

மாமியார் முறத்தில் புதுத்துணி விரித்துக் குழந்தையைப் படுக்கவைத்து மதிலுக்கு மேல் நீட்டினார். நான் ஒரு படித் தவிட்டைக் கொடுத்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டேன். இது பாதிதான். மீதிப் பாதியில் நான் குழந்தையோடு அவர்கள் வீட்டு வாசலுக்குப் போக வேண்டும். பெற்றவள் அதே தவிட்டைத் திருப்பிக் கொடுத்து, என் பிள்ளை என்று உரிமை சொல்லி, “என்ற புள்ளையக் குடுங்க” என்று மூன்று தடவை கேட்டு வாங்க வேண்டும்.

நான் போய் நின்றேன். அவள் கையை நீட்டினாள். கையில் தவிடு இல்லை.

“கேளு அம்முணி” என்றேன்.

“உங்க புள்ளைங்க டீச்சரக்கா. நான் வளத்தித் தர்றனுங்க.”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். எமனுக்கு இரட்டைப் பூட்டுப் போடுகிறாள், கெட்டிக்காரி என்றார்கள். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. நான் குழந்தையை அவள் கையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வெகுநேரம் மார்பில் அந்தச் சூடு இருந்தது. மூன்றும் பையனாகப் பெற்றவள் நான். விளையாட்டுக்கு என்றாலும் ஒரு பெண் குழந்தை என் பேரில் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. இதை மறைத்துவிட்டு அவளைப் பற்றி மட்டும் எழுதினால் அது யோக்கியமில்லை.

அந்தத் தவிட்டை அவள் ஒரு தகரச் சம்படத்தில் போட்டு மூடி வைத்திருந்தாள். நான்கைந்து மாதத்துக்கு ஒரு தடவை சம்படம் மதில் மேல் வரும். “வண்டு உளுந்துருச்சுங்க, மாத்திக் குடுங்க” என்பாள். பழையதை மாட்டுத் தொட்டியில் கொட்டிவிட்டுப் புதிதாக அளந்து போட்டுக் கொடுப்பேன். எதற்கு இதை வைத்துக்கொண்டு அல்லாடுகிறாய் என்றால் உள்ளங்கையைத் துடைப்பாள்.

குழந்தைக்கு ஏழெட்டு மாதம் இருக்கும். சித்திரை வெயில். எடை பார்க்கக் கூட்டி வரவில்லையே என்று மத்தியானம் நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். எல்லாச் சன்னலும் சாத்தியிருந்தது. மின்விசிறி ஓடவில்லை. உள்ளே அடுப்பங்கரை மாதிரி வெக்கை. தொட்டிலுக்குப் பக்கத்தில் அவள் குனிந்து உட்கார்ந்திருந்தாள். சேலையெல்லாம் வேர்வையில் ஒட்டியிருந்தது. இரண்டு விரலுக்கு நடுவே எதையோ பிடித்துக் குழந்தையின் மூக்குக்கு நேரே வைத்திருந்தாள். கிட்டே போய்ப் பார்த்தேன். ஓர் இழை இலவம்பஞ்சு.

அது அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. அவள் அதோடு சேர்ந்து தன் மூச்சையும் விட்டுக்கொண்டிருந்தாள்.

“சன்னலைத் தொறந்து உடு. புள்ளை வெந்து போகும்” என்றேன்.

“பாலக்காட்டுக் கணவாய்க் காத்துங்க அது, நிக்காம அடிக்குது. தொறந்தா பஞ்சு சும்மாவே ஆடுமுங்க. எது காத்து, எது மூச்சுன்னு தெரியாதுங்களே.”

எத்தனை நேரமாக இப்படி உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டதற்கு, அவங்க தூங்குனதுல இருந்து என்றாள். நான் சன்னலைத் திறந்தேன். தென்னை மட்டைகளின் சத்தமும் காற்றும் உள்ளே வந்தன. அவள் என்னைத் தடுக்கவில்லை. பஞ்சை உள்ளங்கையில் மூடிக்கொண்டு குழந்தையின் வயிற்றில் காதை வைத்தாள். நான் வெளியே வந்து பத்தடி போவதற்குள் சன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தும் சத்தம் கேட்டது.

அந்தப் பஞ்சு அதன்பிறகு எப்போதும் அவள் இடுப்பில், சேலைச் செருகலில் இருந்தது.

ஒரு தடவை நான் நேராகவே கேட்டேன். “உனக்கு அலுப்பா இல்லையா அம்முணி? ராத்தூக்கம் இல்ல, பகல் தூக்கம் இல்ல. எனக்கெல்லாம் மூணாவதுக்குப் பொறவு இதுகளை எங்கியாச்சும் உட்டுட்டு ஓடீரலாம்னு இருந்துச்சு.”

அவள் பயந்துபோய்க் குழந்தையின் காதைப் பொத்தினாள். “அப்பிடிச் சொல்ல எனக்கு வாய் ஏதுங்க? கேட்டு வாங்குனதுங்க. பதனோரு வருசம் கேட்டுப்போட்டு இப்ப அலுப்புன்னு சொன்னா அவங்க என்ன நெனப்பாங்க?”

“யாரு என்ன நெனப்பாங்க?”

அவள் குழந்தையைப் பார்த்தாள். குழந்தை விரல் சூப்பிக்கொண்டிருந்தது.

அவள் புருஷன் நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் தேங்காய் பறித்துப் போட்ட கையோடு மதிலருகே வந்து நின்றார். “பாப்பா பொறந்து ஒரு வருசமாச்சுங்க. அவ இன்னும் ஒரு தடவைகூட பாப்பாவ என்ற பொண்ணுன்னு சொல்லலீங்க. ஆஸ்பத்திரில கேட்டேன். கொழந்தை நல்லா இருக்குதே, அம்மாவும் நல்லாத்தான இருக்காங்கன்னு எடை பாத்து அனுப்பிச்சுட்டாங்க.” நான் ஆரோக்கிய கேந்திரத்தில் பேசி, மனசுக்குப் பார்க்கும் டாக்டர் வரும் நாளைக் கேட்டுச் சொன்னேன். புருஷன் அவளைக் கூட்டிப் போனார். அவள் டாக்டரிடம் மிக மரியாதையாக, எல்லாம் சந்தோசமா இருக்குதுங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். நானும் அதற்கு மேல் துரத்தவில்லை.

குழந்தைக்கு இரண்டு வயதாகும்போது மாமியார் போய்விட்டார். படுக்கையில் இருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்த மீதியை முடிச்சு உட்டுரு டீச்சரே” என்று மட்டும் சொன்னார். நான் சரி என்றேன். செய்யவில்லை. எனக்கு அவசரம் இல்லை. ஏன் இல்லை என்பதை மேலேயே சொல்லிவிட்டேன்.

மூன்று வயதில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு மத்தியானம் அங்கன்வாடி வாசலில் அவள் தனியாக வந்து நின்றாள். முக்கால் மைல் வெயிலில் ஓடி வந்திருக்கிறாள். காலில் செருப்பு இல்லை.

“டீச்சரக்கா, உங்க பொண்ணுக்குக் காய்ச்சல் கொதிக்குதுங்க. கண்ணு சொருகுதுங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுங்களா?”

“எங்க புள்ளை?”

“ஊட்டுல அவரு வெச்சுட்டு இருக்காருங்க. கார் நிக்குதுங்க. நீங்க சொன்னாத்தான் போகோணும்.”

எனக்கு வந்த கோபத்தில் பிள்ளைகள் எல்லாம் மூலைக்கு ஓடின. அறிவு இருக்கிறதா, பைத்தியமா உனக்கு என்று கத்தினேன். அவள் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, கடைசியில், “அப்ப போகலாமுங்களா?” என்றாள். போ என்று நான் சொன்ன பிறகுதான் திரும்பி ஓடினாள். குழந்தை பிழைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவள் எனக்கு நன்றி சொன்னாள். “உங்க ராசிங்க. என்ற பேர்ல இருந்திருந்தா அன்னைக்கே போயிருக்கும்.” அதைக் கேட்டு நான் பயந்திருக்க வேண்டும். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதுதான் உண்மை.

அந்தக் குழந்தையும் விருந்தாளி மாதிரியே வளர்ந்தது. தன் தட்டைத் தானே கழுவி வைக்கும். தூங்கி எழுந்தால் போர்வையை மடிக்கும். கீழே விழுந்து முட்டி பெயர்ந்தாலும் வாயைத் திறந்து அழாது. கண்ணில் தண்ணீர் வரும், சத்தம் வராது. மற்ற அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளிடம் அதைக் காட்டி, பார்த்துக் கத்துக்கோ என்பார்கள். இருபது வருஷமாகப் பிள்ளைகளைப் பார்க்கிறவள் நான். சத்தம் போடாத பிள்ளை எனக்குப் பயம். நான்கு வயதில் ஒரு நாள் என்னிடம் கேட்டது: “டீச்சர், நான் எப்பங்க உங்க ஊட்டுக்கு வரோணும்?”

“ஞாயித்துக்கெளம வா, பாயசம் வெக்கறேன்” என்றேன்.

“இல்லீங்க. ஒரேயடியா.”

யார் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை, தவிட்டுக்கு வாங்கினது நீங்கதானுங்களே என்றது. எங்கள் ஊரில் எல்லாப் பிள்ளைகளையும் இப்படிக் கேலி செய்வார்கள். உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று சொல்லிப் பெற்றவர்களே அழவைப்பார்கள். பிறகு அம்மா ஓடிவந்து, இல்லடி நீ என்ற தங்கம் என்று தூக்கிக்கொள்வாள். இந்தக் குழந்தையை யாரும் தூக்கிக்கொண்டு அதைச் சொன்னதில்லை.

ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் நாள் வந்தது. பள்ளிக்கூடம் அங்கன்வாடிக்கு எதிரிலேயே இருக்கிறது. பத்து மணிக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் ஆள் விட்டுக் கூப்பிட்டார். போனேன். அவர் மலையாளி, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துச் சிரித்தார். குழந்தையின் அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டதற்கு இவள் என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். அவரும் எழுதிவிட்டார். பிறப்புச் சான்றிதழைப் பார்க்கும்போது வேறு பெயர். எது சரி என்று மறுபடி கேட்டால், டீச்சர் பேர்தானுங்க சரி என்று நிற்கிறாள்.

குழந்தை புதுச் சீருடையில், புதுச் செருப்போடு பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தது. கையை மடியில் வைத்திருந்தது.

சான்றிதழில் இருப்பதை எழுதச் சொல்லிவிட்டு இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு நடந்தேன். குழந்தையை முன்னால் போகச் சொன்னேன். தோட்டத்து வேலி முடியும் வரை நடந்தோம். பிறகு நின்றேன்.

“இன்னைக்கு அந்த மீதியை முடிக்கறோம். தவிட்டக் குடுத்துட்டுப் புள்ளையக் கேளு.”

“வேண்டாமுங்க.”

“ஏன்?”

அவள் உள்ளங்கையைத் துடைத்தாள். குழந்தை கேட்காத தூரத்தில் போவதைப் பார்த்துக்கொண்டாள். அப்போதுதான் அதைச் சொன்னாள், எப்போதும் பேசும் அதே சின்னக் குரலில்.

“அந்தத் தடவை ரெண்டு கரு வெச்சாங்கக்கா. மொத ஸ்கேன்ல ரெண்டும் தெரிஞ்சுதுங்க. ரெண்டும் மினுக்கு மினுக்குன்னு. எடது பக்கம் இருந்ததப் பாத்ததும், இது என்ற புள்ளைன்னு நெனச்சுட்டனுங்க. மனசுக்குள்ள பேருகூட வெச்சுட்டேன். வலது பக்கம் இருந்தத நான் சரியாப் பாக்கவே இல்லீங்க. அடுத்த ஸ்கேன்ல எடது பக்கம் ஒண்ணுமே இல்லீங்க. இருந்த எடமே தெரியல.”

நான் முன்னால் போகும் குழந்தையைப் பார்த்தேன்.

“அதுக்கு முன்னால மூணு தடவையும் அப்பிடித்தானுங்க. என்ற புள்ளைன்னு நெனச்சது ஒண்ணுகூட நிக்கலீங்க. பாக்காம உட்டதுதானுங்க அதா நடந்து போகுது.”

ரெண்டு வைத்தால் ஒன்று கரைவது சகஜம் என்று டாக்டர் சொல்லியிருப்பாரே என்றேன்.

“சொன்னாருங்க. நான் எதைப் பாத்தேன்னு அவருக்குத் தெரியாதுங்களே.”

ஐந்தரை வருஷமாக அவள் அந்தப் பிள்ளையை ஓரக்கண்ணால் மட்டும் பார்த்து வளர்த்திருக்கிறாள். அந்த மாதிரி நேரத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். குரலை உயர்த்தினேன். “அப்பச் சரி. நான் தவிடு குடுத்து வாங்குன புள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன். துணிமணியக் கட்டிக் குடு.”

அழுவாள், காலைப் பிடிப்பாள், அப்போது வழிக்குக் கொண்டுவரலாம் என்று கணக்குப் போட்டேன். அவள், “சரிங்க” என்றாள்.

வீட்டுக்குப் போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்தாள். புதிதாக எதையும் எடுத்து வைக்கவில்லை. பை ஏற்கெனவே கட்டித் தயாராக இருந்தது. குழந்தை செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று அதை வாங்கிக்கொண்டது.

“போய்ட்டு வர்றனுங்கம்மா” என்றது.

“போய்ட்டு வாங்க கண்ணு” என்றாள் அவள். உள்ளே போய் முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி களைய உட்கார்ந்தாள்.

என் வீட்டில் நாற்காலி நுனியில் குழந்தை நேராக உட்கார்ந்திருந்தது. செருப்பை வாசலில் ஜோடியாக வைத்திருந்தது. “நான் எங்கீங்க படுத்துக்கோணும்?” என்று கேட்டது. பிறகு, “தப்புப் பண்ணுனா நீங்க அடிப்பீங்களா?” என்றது.

“ஏன் கேக்கறே?”

“அம்மா அடிக்க மாட்டாங்க. நான் அவங்க புள்ளை இல்லீல்ல.”

குரலில் வருத்தம்கூட இல்லை. எனக்கு அந்த நிமிஷம் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஒரே ஒரு நாள் இங்கே இருக்கட்டுமே என்று மனசு கெஞ்சியது. கையை வேறு வேலைக்கு விடலாம் என்று பையைப் பிரித்தேன். மேலே போன மாதம் எடுத்த பாவாடை சட்டை இருந்தது. எல்லாம் இன்றைய அளவு. ஒவ்வொரு வருஷமும் பிள்ளை வளர வளர உள்ளே இருக்கும் துணியை மாற்றி வைத்திருக்கிறாள். அடியில் கை பட்டது தகரம். அந்தச் சம்படம்.

திறந்தேன். போன வாரம் நான் மாற்றிக் கொடுத்த தவிடு, தலை தட்டி, ஒரு படி.

பிள்ளை வேண்டாம் என்கிறவள் தவிட்டை ஏன் கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்? திருப்பிக் கொடுக்க வேண்டியதை அவள் ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. கேட்கத்தான் வாய் வரவில்லை. அந்த வாயை மூடி வைத்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது.

குழந்தையைக் கையில் பிடித்து மாட்டுக் கொட்டகைக்குக் கூட்டிப் போனேன். வெறுங்காலோடு வந்தது. சம்படத்தைத் தொட்டியில் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றினேன். மாடு தலையை ஆட்டியதில் தவிட்டுத் தண்ணீர் சிதறிக் குழந்தையின் காலிலும் பாவாடையிலும் வழிந்தது. குழந்தை சாணியையும் மிதித்துவிட்டது. “தவிடு வந்து சேந்துருச்சு. இனி நீ என்ற புள்ளை இல்ல” என்றேன். குழந்தைக்குப் புரிந்ததா தெரியவில்லை.

காலைக் கழுவிவிடக்கூடத் தோன்றாமல் அப்படியே அவர்கள் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவள் அதே இடத்தில் இருந்தாள். அரிசி களைந்த தண்ணீர் எப்போதோ தெளிந்துவிட்டிருந்தது. கை மட்டும் அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

“தவிட்ட வாங்கிக்கிட்டேன். மாட்டுக்குப் போட்டாச்சு. திரும்பிக் குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல. உன்ற புள்ளை” என்றேன்.

அவள் திரும்பவில்லை. குழந்தை வாசற்படியில் நின்று, “உள்ள வரட்டுங்களா?” என்று கேட்டது.

அவள் தோள் இரண்டும் தூக்கிப்போட்டது. எழுந்து திரும்பினாள். குழந்தையைப் பார்த்தாள். ஓரக்கண்ணால் இல்லை, உச்சி முதல் பாதம் வரை. சாணியும் தவிடும் வழியும் காலைப் பார்த்தாள், புதுச் சீருடையைப் பார்த்தாள். பிறகு அவள் வாயிலிருந்து வந்த சத்தம் மதிலுக்கு அந்தப் பக்கம் என் மாடுகளையே மிரட்டியிருக்கும்.

“எங்க போயிருந்தே? இத்தன நேரம் எங்க போயிருந்தே நீ? புதுத்துணிய என்ன பண்ணி வெச்சிருக்கே?”

முதுகில் ஓர் அடி வைத்தாள். நான் கொடுக்கும் அடியைவிட உறைப்பாகவே இருந்தது.

குழந்தை அவளையே பார்த்தது. முகம் கோணியது. வாய் திறந்தது. ஐந்தரை வருஷமாக வராத அழுகை, ஊரே கேட்க, தொண்டை கிழிய வந்தது.

அடித்த கை தானாக இடுப்புக்குப் போனது. சேலைச் செருகலிலிருந்து பஞ்சை எடுத்துக் குழந்தையின் முகத்துக்கு நேரே நீட்டினாள். குழந்தை விட்ட மூச்சில் அது விரலைவிட்டுப் பறந்து, கதவைத் தாண்டி, வாசலுக்குப் போயிற்று. அவள் அது போவதைப் பார்த்தாள். எடுக்கப் போகவில்லை. அப்படியே கீழே உட்கார்ந்து, சாணிக்காலோடு பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, “என்ற புள்ளை” என்றாள். மூன்று தடவை சொன்னாளா, முப்பது தடவை சொன்னாளா, நான் எண்ணவில்லை.

நான் வீட்டுக்கு வந்தேன். வாசலில் இருந்த சின்னச் செருப்பை எடுத்து மதில் மேல் வைத்தேன். அழுகை கேட்டுக்கொண்டே இருந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். பாத்திரத்தை எடுத்தேன். சட்டென்று அழுகை நின்றது.

ஒரு சத்தமும் இல்லை.

பாத்திரத்தைப் போட்டுவிட்டு மதிலுக்கு ஓடி எட்டிப் பார்த்தேன். குழந்தை அம்மா மடியில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தது. எல்லாச் சன்னலும் திறந்திருந்தது. அவள் என்னைப் பார்த்துவிட்டு, “சொன்ன பேச்சே கேக்கறதில்லீங்க” என்று முதல் முறையாக என்னிடம் தன் பிள்ளையைப் பற்றிக் குறை சொன்னாள்.

ஆனால் அன்றிலிருந்து அந்தப் பிள்ளையின் சத்தம் கேட்காவிட்டால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. எமன், தவிடு இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் தவிட்டோடு சேர்த்து அவளுடைய பயத்தையும் நான் வாங்கிக்கொண்டேன் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் காந்தலூரிலிருந்து அவள் போனில் கூப்பிட்டு, மகளைப் பற்றி அரை மணி நேரம் திட்டித் தீர்ப்பாள். நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். கடைசியில், மகளைக் கூப்பிடு, ஒரு வார்த்தை பேசட்டும் என்பேன். பின்னால் எங்கிருந்தோ, “போம்மா, வேலையா இருக்கேன்” என்று அந்தப் பெண் கத்துவது கேட்கும். அது கேட்ட பிறகுதான் நான் போனை வைப்பேன்.